பட்டன் டயரும் படப்பெட்டியும்

பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் படப்பெட்டி சுமக்கிற ஒருவன் ஒரு படத்தின் முடிவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? நாவல்கரணை சடையப்பன் பார்த்ததில்லை. சத்தியமான பேச்சு. கதாநாயகன் ஜெயித்தானா, வில்லனைப் போலீஸ் பிடித்ததா, காணாமல் போன பிள்ளை தாயிடம் வந்து சேர்ந்ததா, எல்லாமே அவனுக்குப் பெண்டாட்டி ஞானசுந்தரி வாயால் கேட்ட கதைதான். மறுநாள் காலையில் கூழைக் கரைத்துக் குண்டானில் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அவள் சொல்லுவாள். இவன் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கேட்பான். படம் நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்தால் மனசு நிறைந்து, இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றச் சொல்லுவான்.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், அந்த வேலையின் லட்சணம் அப்படி. செய்யாற்றுக்கு அந்தக் கரையில் பெருநகர், இந்தக் கரையில் நாவல்கரணை. இரண்டு ஊரிலும் டென்ட்டுக் கொட்டாய் இருந்தது. ஆனால் படம் ஒரே பிரதிதான். பெருநகரில் இருட்டியதும் ஆட்டம் ஆரம்பிக்கும். முதல் பாதி ஓடி முடிந்ததும் அந்த ரீல்களைப் பெட்டியில் போட்டுச் சடையப்பன் ஆற்றைக் கடந்து நாவல்கரணைக்குக் கொண்டுவர வேண்டும். அதை இங்கே ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் திரும்பப் பெருநகருக்குப் போய், திரை தெரியாத ஆபரேட்டர் ரூம் வாசலில் இரண்டாம் பாதிப் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும். அது இங்கே இடைவேளை முடிவதற்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். வந்து சேர்ந்த கையோடு முதல் பாதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெருநகரின் இரண்டாம் ஆட்டத்துக்கு ஓட வேண்டும். அதற்கப்புறம் மிச்சப் பெட்டியை எடுக்க அவன் திரும்பி வரும்போது நாவல்கரணைக் கொட்டாயில் ஜனமெல்லாம் கலைந்து, மணல் தரையில் நாய் சுருண்டு படுத்திருக்கும். இதில் அவன் எங்கே முடிவைப் பார்ப்பது?

நாவல்கரணைக் கொட்டாய் முதலாளி ஜெகநாதன் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்துக்காரர். தறியில் உட்கார முடியாது, எனக்குச் சினிமாதான் என்று கிளம்பி வந்து, ஆற்றங்கரை ஊரில் கூடாரம் அடித்தவர். சொந்தக்காரர்கள் அவரைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கவலைப்படவில்லை. ஆரம்பத்தில் சடையப்பன் சைக்கிளில் பெட்டி கொண்டுவந்தான். ஆறு வந்ததும் சைக்கிளைக் கரையில் சாத்திவிட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கி மணலில் நடப்பான். அப்போதெல்லாம் ஓடினது பழைய படங்கள். இடைவேளை நீண்டுபோனாலும் ஜனம் பாயில் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து பார்க்கும். பிறகு ஜெகநாதன் செகண்ட் ஹேண்டில் ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வாங்கி அவன் கையில் சாவியைக் கொடுத்தார். அன்றைக்குச் சடையப்பன் நடந்த நடையே வேறு. தலைச்சுமை போயிற்று, பெட்டி இனிமேல் பறக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ரோட்டில் பறந்தது நிஜம். ஆற்றில் இறங்கியதும் கதை மாறிவிட்டது. செய்யாறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான். அந்த ஒல்லி டயர் மணலைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு உள்ளே போகும். பின்னால் பெட்டியின் கனம் வேறு. வண்டி சாயும்போது காலை ஊன்றினால் காலும் புதையும், அதோடு வண்டி படுத்துக்கொள்ளும். அதனால் காலே ஊன்றாமல், வண்டி தடத்தை விட்டு விலகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதற்கு அவன் பழகியிருந்தான். மூன்று தடவை போனால் ஒரு தடவை விழுவான். பாலம் சுற்றி ரோடு வழியாகப் போகலாம் என்றால் அது பெரிய பிரயாணம், இடைவேளை அதற்குள் இரண்டு முறை முடிந்துவிடும்.

மோட்டார் சைக்கிள் என்றால் அவனுக்கு உயிர். அதனால்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாசம் உத்திரமேரூர் மெக்கானிக் எத்திராஜைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போனான். எத்திராஜ் பெரிய வண்டிகள் சீறுகிற பக்கம் போய்விட்டான். சடையப்பன் மைதானத்தின் ஓரத்தில் வேறொன்றைப் பார்த்து நின்றுவிட்டான். அங்கே கல்லும் சேறும் மரத்துண்டும் போட்டு, அதன்மேல் சிலர் மெதுவாக, ஆமை வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சீட்டில் உட்காரவில்லை, மிதிகட்டையில் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று யார் கால் தரையில் படுகிறது என்று குறித்துக்கொண்டிருந்தார். இதற்குப் பெயர் ட்ரையல்ஸ் என்றார்கள். கால் ஊன்றினால் போச்சு, அவ்வளவுதான் விளையாட்டு. நாம் தினமும் செய்யாற்றில் பிழைப்புக்குப் பண்ணுவதை இவர்கள் கப்பு வாங்குவதற்குப் பண்ணுகிறார்களே என்று சடையப்பனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அந்த வண்டிகளின் டயரைப் பார்த்தான். நல்ல அகலம். மேலெல்லாம் லாரிக்குப் போடுகிற பட்டன் டயர் மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் காற்று பாதிதான் இருந்தது. கல்லில் ஏறும்போது டயர் பிதுங்கியது. ஐயோ பாவம், காற்றடிக்கக்கூட நாதியில்லை போல என்று நினைத்து, தன் வண்டியில் கட்டியிருந்த கைப்பம்பை எடுத்துக்கொண்டு ஒருவனிடம் ஓடினான். அவன் சிரித்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொல்லிக் கையை ஆட்டினான். சடையப்பனுக்குச் சுருக்கென்றது. நல்லது சொல்ல வந்தவனை விரட்டுகிறானே, பெரிய மனுஷன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் எத்திராஜிடம் திட்டித் தீர்த்தான்.

அந்த வருஷம் தீபாவளிக்குத்தான் நாவல்கரணை சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு புதுப்படம் வந்தது. பட்டணத்தில் ரிலீசாகி வாரம்கூட ஆகாத படம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. முதல் பாதிப் பெட்டி எப்படியோ வந்து சேர்ந்தது. இரண்டாம் பாதிப் பெட்டியோடு சடையப்பன் நடு ஆற்றில் புதைந்தான். பின்சக்கரம் பாதிக்கு மேல் உள்ளே போய், வண்டி சாய்ந்து, பெட்டி ஈர மணலில் விழுந்தது. வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மணலில் ஓட்டம் எங்கே ஓடுவது, ஒவ்வொரு அடியும் பின்னுக்கு இழுத்தது. அவன் வந்து சேர்ந்தபோது திரை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஜனம் தடுப்பு மூங்கிலைப் பிடுங்கிப் போட்டிருந்தது. இடைவேளையில் வேர்க்கடலை விற்கிற சொக்கம்மாளின் கூடையை யாரோ மிதித்துத் துவைத்துவிட்டிருந்தார்கள். அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி, சடையப்பன் பக்கமாகத் தூற்றினாள். பெண்கள் பக்கத்தில் நின்ற ஞானசுந்தரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றையிலிருந்து அவனுக்குப் பெயர் மணலில் பூந்த சடையன். டீக்கடையில், களத்துமேட்டில், பஸ்ஸில், எங்கே போனாலும் அதே பேச்சு. அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் ஜெகநாதன் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதுதான் அவனைத் தூங்கவிடாமல் அடித்தது.

"பொங்கலுக்கு இன்னொரு புதுப்படம் கேட்டுக்கீறேன் சடையா. பெட்டி நேரத்துக்கு வந்தா கொட்டாய் நிக்கும். வரலன்னா மறுநாளே கூடாரத்த பிரிச்சிக்கினு காஞ்சிவரம் போயி தறியில குந்திடுவேன். உன்மேல கோவம் இல்ல. இன்னொருவாட்டி அந்த பேஜார தாங்க எனக்குத் தெம்பு இல்ல."

சடையப்பன் சரி மொதலாளி என்று எழுந்து வந்துவிட்டான். வந்து ஆற்றங்கரையில் நின்று அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சாப்பாடு, அவன் ஊருக்கு இருந்த ஒரே சந்தோஷம், அவன் பெண்டாட்டி காலையில் உட்கார்ந்து சொல்லும் கதை, எல்லாம் அந்த மணலின் அகலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்குச் சோழவரத்து அகல டயர் ஞாபகம் வந்தது.

மறுநாளே பட்டணம் போய்ப் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். சாயங்காலமாகும்போது ஒரு கடையின் பரணில் அப்படிப்பட்ட டயர் ஒரு ஜோடி கிடைத்தது. யாரோ ட்ரையல்ஸ் ஓட்டியவன் கழற்றிப் போட்டது. பட்டன் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் டயர் திடமாக இருந்தது. இரண்டையும் மாலை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். கண்டக்டர் போட்ட சண்டையைக் கேட்டு பஸ்ஸே சிரித்தது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டித்தான் எத்திராஜின் ஷெட். அவன் டயரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இது உள்ள போவாதுண்ணா. போனாலும் சுத்தாது."

"சுத்த வைக்கத்தான் உன்னாண்ட வந்துக்கீறேன்" என்றான் சடையப்பன்.

எத்திராஜ் சொன்னது சரிதான். சோப்புத் தண்ணீர் தடவி நெம்பி ரிம்மில் ஏற்றிவிட்டார்கள். சக்கரத்தை வண்டியில் மாட்டினால் ஒருபக்கம் செயின் டயரை உரசியது, மேலே மட்கார்டு உரசியது. எத்திராஜ் ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தான். பிறகு சக்கரத்தின் கம்பிகளையெல்லாம் கழற்றி, ரிம்மைச் செயின் பக்கத்திலிருந்து ஒரு விரல் கனம் அந்தாண்டை தள்ளிவைத்துத் திரும்பக் கம்பி கட்டினான். ஒவ்வொரு கம்பியாக முறுக்கி, சுற்றவிட்டு, கோணல் பார்த்து, மறுபடி முறுக்கினான். பின் மட்கார்டை ஓரம் வெட்டினான். முன் மட்கார்டைப் பட்டை இரும்பு வைத்து மேலே தூக்கிக் கட்டினான். வேலை முடிந்ததும் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்க நிற்கிறவன் மாதிரி இருந்தது வண்டி. தார் ரோட்டில் ஓட்டினால் டயர் ஹூம் என்று ஒரு முனகல் முனகியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். டிராக்டர் குட்டி போட்டுடுச்சா சடையா என்று ஒருவன் கேட்டான்.

கேலியைத் துடைத்துப்போட்டுவிட்டு ஆற்றில் இறக்கினான். கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, வண்டி புதைந்தது. பழைய டயர் மாதிரியேதான். தள்ளிக்கொண்டு வந்து எத்திராஜிடம் நிறுத்தினான். எத்திராஜ் உள்ளங்கையால் டயரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். அந்தப் பக்கத்தில் டயர் பார்க்கிற முறை அதுதான். தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். பாரம் ஏற்றுகிற வண்டி என்றால் காற்று கல் மாதிரி இருக்க வேண்டும். நெல் மூட்டை ஏற்றுகிற சைக்கிள்காரனிலிருந்து லாரி டிரைவர் வரை அப்படித்தான் பழகியிருந்தார்கள். சத்தம் கொஞ்சம் குறைச்சலாகத் தெரிந்ததால் இன்னும் காற்றை ஏற்றி விட்டான். அடுத்த தடவை இன்னும் மோசமாகப் புதைந்தது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டியை விற்றுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் என்றுகூட ஒருநாள் ஞானசுந்தரியிடம் சொன்னான். அவள் அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

போகியன்று சாயங்காலம் பெட்டிக்குள் கல்லை ஏற்றிக்கொண்டு கடைசியாக ஒருமுறை ஆற்றில் விட்டுப் பார்த்தான். வழக்கமான இடத்தில் புதைந்தது. இறங்கித் தள்ளி, ஓரமாக வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்த திட்டின் மேல் உருட்டிக்கொண்டு வந்து ஒரு பீடி குடித்தான். மனசு விட்டுப்போய், சரி வீட்டுக்காவது போகலாம் என்று வண்டியைக் கிளப்பி மணலில் இறக்கினான். வண்டி போனது. புதையவில்லை. அவன் நம்பாமல் இன்னும் முடுக்கினான். மணல்மேல் பாய் விரித்த மாதிரி போய்க்கொண்டே இருந்தது. வீட்டுப் பக்கம் திருப்பாமல் அக்கரை வரைக்கும் ஓட்டிப் போய்விட்டான். பெருநகர் சாமிதான் இரங்கிவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் பார்த்தால், பின் டயரில் இரண்டு முள் ஏறியிருந்தது. காற்று முக்கால்வாசி இறங்கி, தட்டில் வைத்த களி உருண்டை மாதிரி டயர் மணலில் பரவி உட்கார்ந்திருந்தது.

சடையப்பன் அதைப் பார்த்தபடியே நின்றான். சோழவரத்தில் பிதுங்கிய டயரும், பம்பை எடுத்துக்கொண்டு ஓடிய தன் ஓட்டமும் கண்முன்னால் வந்தன. காற்று கல்லாக இருந்தால் டயர் என்ன அகலமாக இருந்து என்ன, நடுவில் ஒரு கோடுதான் மணலில் படும். காற்று குறைந்தால்தான் அகலம் முழுக்கத் தரையில் உட்காரும். அந்த மனுஷன் சிரித்தது நியாயம்தான். வெட்கத்தில் உடம்பு சூடேறியது, கூடவே சிரிப்பும் வந்தது. ஆற்றில் ஒரு ஆள் இல்லாத இடத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தான்.

ஆனால் திரும்பி வருகிற வழியில் சக்கரத்துக்குள் டயர் வழுக்கிச் சுற்றி, உள்ளே இருந்த டியூபின் வால்வைப் பிய்த்துவிட்டது. காற்று குறைச்சலாக இருந்தால் அந்தத் தொல்லை. வண்டியை உருட்டிக்கொண்டே உத்திரமேரூர் பஸ் ரோட்டுக்கு வந்து ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி எத்திராஜிடம் கொண்டுபோனான். டயரை ரிம்மோடு பிடித்து வைக்க ஒரு வழி பண்ணு என்றான். எத்திராஜ் இந்த முறை தலையைச் சொறியவில்லை. ரிம்மில் ஒரு ஓட்டை போட்டான். உள்ளே டயரின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும்படி ஒரு இரும்புத் துண்டை வைத்து, வெளியிலிருந்து போல்ட்டால் இறுக்கினான். இரும்பு டியூபைக் கிழிக்காமல் இருக்க, சடையப்பன் அப்பா காலத்தில் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்தபோது தண்ணீர் மொண்ட எருமைத்தோலை ஒரு துண்டு வெட்டி அடியில் கொடுத்தார்கள். புது டியூப் போட்டுக் காற்றைப் பாதிதான் விட்டான். பழக்கத்தில் கை தட்டிப் பார்த்தது. டங் என்ற சத்தமே இல்லை.

"மனசு கேக்கலண்ணா" என்றான் எத்திராஜ்.

"கேக்காது. நீ பம்ப எடுத்து உள்ள வையி" என்றான் சடையப்பன்.

பொங்கலன்று நாவல்கரணைக் கொட்டாய் நிரம்பி வழிந்தது. தீபாவளிக்கு அடித்து உடைத்த அதே ஜனம்தான், புதுப்படம் என்றதும் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. ஜெகநாதன் கிழிந்த திரைக்கு ஒட்டுப்போட்டுச் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கூடாரத்தைப் பிரிக்க ஆள் சொல்லி வைத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. ஞானசுந்தரி பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். சொக்கம்மாள் புதுக்கூடையில் வேர்க்கடலையோடு வாசலருகே உட்கார்ந்திருந்தாள், இந்தத் தடவை யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து.

முதல் பாதிப் பெட்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தது. அதைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கும் முதல் பெட்டி வந்ததுதானே. சடையப்பன் திரும்பப் பெருநகருக்கு ஓடினான். அங்கே அவனுக்கு வந்தது சோதனை. இரண்டாம் பாதியில் பிலிம் அறுந்து, ஆபரேட்டர் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டினதும் கொஞ்ச தூரம் ஓடி மறுபடி அறுந்தது. சடையப்பன் வாசலில் நின்று வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு வழியாகப் படம் முடிந்து பெட்டி கைக்கு வந்தபோது, அக்கரையில் இடைவேளை விட்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஆற்றில் இறங்குகிற இடத்துக்கு வந்தால் வழியெல்லாம் மாட்டு வண்டி. பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற ஜனம். ஒரு வண்டி நடுவில் அச்சு வரைக்கும் மணலில் இறங்கிவிட்டது. அதன் பின்னால் மற்றதெல்லாம் வரிசையாக நின்றுவிட்டது. காலகாலமாக ஆற்றைக் கடக்கிறவர்கள் போகிற கெட்டித்தடம் அது ஒன்றுதான். இரண்டு பக்கமும் எந்தச் சக்கரமும் படாத பொலபொலவென்ற மணல். அந்தப் பக்கம் போனால் மாடே படுத்துவிடும். வண்டிக்காரன் ஒருவன் சடையப்பனைப் பார்த்து, இன்னிக்கும் பூந்துக்கப் போறியா என்றான்.

சடையப்பன் பெட்டியின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். தடத்தை விட்டு வண்டியை அந்தப் பொலபொல மணலில் இறக்கினான். சீட்டைவிட்டு எழுந்து மிதிகட்டையில் நின்றான், சோழவரத்தில் பார்த்த மாதிரியே. பின்சக்கரம் கொஞ்சம் ஆடியது. காலை ஊன்று என்று உடம்பு சொன்னது. ஊன்றவில்லை. முடுக்கத்தை அறுக்காமல், அதிகமும் பண்ணாமல், ஒரே சீராக வைத்துக்கொண்டு போனான். அகல டயர் மணலை அறுக்காமல் மேலேயே மிதித்துக்கொண்டு போனது. வண்டிக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நடுவில் ஓடுகிற தண்ணீரில் இறங்கியபோது கணுக்கால் வரைக்கும் தெறித்தது. அக்கரையில் எல்லாரும் இறங்கித் தள்ளுகிற மேடு, மாடுகள் ஏறுகிற சரிவு. முன்பாதத்தில் உடம்பை அழுத்தி, வண்டியை நேராகப் பிடித்து, ஒரே ஏற்றாக ஏற்றினான். பட்டன் ஒவ்வொன்றும் மண்ணைக் கவ்விக் கவ்வி மேலே கொண்டுவந்தது. கால் தரையில் படவே இல்லை.

கொட்டாய் வாசலில் ஹூம் என்ற முனகல் கேட்டதும் ஜெகநாதன் ஓடிவந்தார். உள்ளே இன்னும் இடைவேளை. சோடா பாட்டில் உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை ஆபரேட்டரிடம் கொடுத்தார்கள். பெல்லடித்தார்கள், விளக்கு அணைந்தது. ஜெகநாதன் சடையப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியதை மறைக்கத் தெரியாத மனுஷன் அவர்.

அப்போதுதான் வாசலோரம் சொக்கம்மாள் எழுந்தாள். பாதிக்கூடை வேர்க்கடலை அப்படியே இருந்தது.

"ஏன்டா டே சடையா, இவ்ளோ சீக்கிரம் வந்து எங்கள வாழவுடாம அடிக்கிறியே, கொஞ்சம் மெதுவா வந்தா இன்னாடா" என்றாள்.

தீபாவளிக்கு லேட்டாக வந்ததற்கு மண்ணை வாரித் தூற்றிய அதே சொக்கம்மாள்தான். சடையப்பன் குனிந்து அவள் கூடையிலிருந்து ஒரு கை வேர்க்கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை என்று பிற்பாடு சொல்லுவான்.

முதல் பாதிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு மறுபடி ஆற்றைக் கடந்தான். மாட்டு வண்டிகள் இன்னும் அங்கேயே இருந்தன. இந்த முறை அவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள், அவனுக்கு வழியே தேவைப்படவில்லை என்றாலும். பெட்டியைப் பெருநகரில் போட்டுவிட்டு, ஏதோ தோன்றி, நிற்காமல் அப்படியே திரும்பினான். நாவல்கரணைக்கு வந்தால் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சடையப்பன் சைடு தட்டியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, மணல் தரையில் ஆம்பிளைகள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தான். வேலைக்கு வந்த நாள் முதல் அவன் பார்த்த முதல் முடிவு அது. அண்ணன்காரன் தம்பியைக் காப்பாற்றிவிட்டுக் குண்டடிபட்டுச் செத்துப்போனான். சடையப்பன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் இருந்தவன், உனக்கென்ன ஆச்சு என்று கேட்டான்.

கூடாரம் பிரியவில்லை. அதற்கப்புறம் வந்த புதுப்படமெல்லாம் நாவல்கரணைக்கும் அதே நாளில் வந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பெருநகர் கொட்டாய்க்காரரே ஜெகநாதனிடம் ஆள் அனுப்பி, முதல் ஆட்டத்தை நீங்களே ஓட்டுங்கள், சடையப்பன் எங்களுக்குப் பெட்டி கொண்டுவந்தால் போதும் என்றார். மணலில் பூந்த சடையன் போய்ப் பட்டன் டயர் சடையப்பன் ஆனான். எத்திராஜின் ஷெட்டில் பால்காரர்கள் வந்து அதே டயர் கேட்டுத் தொல்லை பண்ணினார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த சங்கதி. சடையப்பனைக் கேட்டால் இதில் ஒன்றையும் சொல்லமாட்டான். பொங்கலுக்கு மறுநாள் காலையைத்தான் சொல்லுவான்.

அன்றைக்கும் ஞானசுந்தரி கூழைக் கரைத்து ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்தாள். கதை சொல்ல வாயைத் திறந்தவள், இவன் பார்த்துவிட்டான் என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். சடையப்பன் வெங்காயத்தைக் கடித்தபடி யோசனையாக இருந்தான். சினிமாவில் ஆள் சாகிறான் என்பதே அவனுக்குப் புதுசு. இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரு படத்திலும் கடைசியில் யாரும் செத்ததில்லை.

"ஏன் சுந்தரி, போன வருசம் ஒரு படம், ஆத்தாளும் புள்ளையும் கடசில சேந்தாங்கன்னு சொன்னியே, நெசமா சேந்தாங்களா?"

அவள் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

"அந்த ரெண்டு பேரு, கண்ணாலம் ஆச்சுன்னியே?"

"நீ பாட்டுக்கு ராத்திரி முச்சூடும் மணல்ல உழுந்து எழுந்து வர்ற" என்றாள் ஞானசுந்தரி. "விடிஞ்சா உன்னாண்ட வந்து அவன் செத்துட்டான், இவ செத்துட்டான்னு இன்னாத்துக்குச் சொல்லணும்? நானே பொழைக்க வெச்சிடுவேன்."

சடையப்பன் குண்டானைக் கீழே வைத்தான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் படங்கள் ஒவ்வொன்றாக அவன் மனசில் ஓடின. அத்தனை பேரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"இனிமே முடிவ நானே பாத்துப்பேன்" என்றான். "ஆனா காலீல நீயும் சொல்லு. உன் முடிவுதான் நல்லா கீது."

இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றச் சொன்னான்.